பானைக்குள் போகும் பெயர்கள்: தில்லி உள்ளாட்சி ஒப்பந்தங்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

மேற்குத் தில்லியின் ஜனக்புரியில் ஒரு தெரு பழுதடைந்தால், அதைச் செப்பனிடும் பணிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்போவது எந்த அலுவலகம் என்பதே முதற்கேள்வியாகிறது. 60 அடியும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகள் தில்லி அரசின் பொதுப்பணித் துறையைச் சேர்ந்தவை. குடியிருப்புகளுக்கு இடையிலான சிறு தெருக்களும் அவற்றின் ஓரத்து வடிகால்களும் தில்லி மாநகராட்சியின் பொறுப்பு. தெருவுக்கு அடியில் ஓடும் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் 1998-இல் அமைக்கப்பட்ட தில்லி ஜல் போர்டுக்கு உரியவை. பகுதியை உருவாக்கியதோ தில்லி வளர்ச்சி ஆணையம். 2023 ஜூலை 5 அன்று ஜனக்புரியில் சாலையின் பெரும்பகுதி உள்வாங்கிப் பள்ளமானது. அத்தகைய பள்ளம் ஒன்றை மூடுவதற்கே மேற்சொன்ன அமைப்புகளில் எது பொறுப்பு என்று முதலில் தெரிந்தாக வேண்டும். அதே கேள்விக்கு விடை தெரியாத ஒப்பந்ததாரர் ஒருவரால் அங்கே தொழில் தொடங்கவும் முடியாது.

பொது ஒப்பந்தங்களின் வரலாறு பெரும்பாலும் ஊழலின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அது தவறன்று, ஆனால் போதாது. ஊழல் நிகழ்வதற்கு முன்பே விடை காணப்பட்டுவிடும் கேள்விகள் சில உள்ளன. ஒரு பணி வரப்போகிறது என்பதை யார் அறியலாம்? அறிந்தவர்களுள் யார் போட்டியிடலாம்? போட்டியிட்டவர்களுள் எவ்வகையில் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்? தேர்ந்தெடுக்கப்பட்டவர் வேலையை முடித்தபின் எப்போது பணம் பெறுகிறார்? இந்நான்கு வாயில்களும் ஒரே காலத்தில் திறக்கப்பட்டவையல்ல. தில்லியின் கடந்த ஒரு நூற்றாண்டைக் கூர்ந்து நோக்கினால், ஒரு வாயில் திறக்கப்படும்போது மற்றொன்று இறுகுவதைக் காணலாம்.

1. உத்தரமேரூர் தரும் அளவுகோல்

தமிழ் ஆய்வுலகம் நன்கறிந்த சான்று ஒன்று இங்கே துணைக்கு வரும். முதலாம் பராந்தகனின் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் போற்றப்படுகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் முதலியவற்றுக்கான உறுப்பினர்கள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, நிறைந்த சபையின் முன்னிலையில் ஒரு சிறுவன் எடுக்கும் ஓலையின்படி தெரிவு செய்யப்பட்டனர். பொதுப்பணியையும் பொதுப்பணத்தையும் கையாளுவோருக்கு அக்கல்வெட்டுகள் கடுமையான விதிகளை வகுக்கின்றன. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்களின் பெயர் மட்டுமன்றி அவர்களுடைய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகக்கூடாது. அண்மையில் பொறுப்பு வகித்தவரும் விலக்கப்பட்டார்.

இன்றைய கொள்முதல் விதிகளில் உள்ள தகுதியிழப்பு, உறவினர் பற்றிய அறிவிப்பு, ஒப்பந்தப்புள்ளிகளைப் பலர் முன்னிலையில் திறத்தல் ஆகியவற்றின் சாயலை இதில் காண்பது இயல்பே. எனினும் கல்வெட்டின் மறுபாதியையும் படிக்கவேண்டும். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடையவர்களின் பெயர்களே குடத்துக்குள் இடம்பெற்றன. குடத்திலிருந்து ஓலை எடுக்கப்படுவதை எல்லோரும் பார்க்கலாம். குடத்துக்குள் யாருடைய ஓலை போகலாம் என்பது முன்பே முடிவாகியிருந்தது. நடைமுறையின் வெளிப்படைத்தன்மையும் நுழைவின் திறந்த தன்மையும் வேறுவேறு. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு தில்லிக்குத் திரும்பலாம்.

2. அறிமுகமே அறிவிப்பாக இருந்த காலம்

1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் இருபது ஆண்டுகள் ரைசினாக் குன்றைச் சுற்றி நிகழ்ந்த கட்டுமானம் ஒரு புதிய வகுப்பினரை உருவாக்கியது. பஞ்சாபின் ஹடாலி என்னும் ஊரைச் சேர்ந்த சுஜான் சிங்கும் அவர் மகன் சோபா சிங்கும் அவ்வகுப்பின் முதன்மை எடுத்துக்காட்டுகள். கால்கா–சிம்லா இருப்புப்பாதைப் பணிகளில் ஒப்பந்தம் எடுத்துப் பழகிய குடும்பம் அது. தலைமைச் செயலகத்தின் தென்கட்டடம், இந்தியா கேட் ஆகியவை சோபா சிங்கின் பெயரோடு இணைத்துப் பேசப்படுபவை. வடகட்டடத்தோடு பைசாகா சிங்கின் பெயர் இணைகிறது. பின்னாளில் சர் பட்டம் பெற்ற சோபா சிங், புதுதில்லி நகராட்சியின் முதல் இந்தியத் தலைவராகவும் அமர்ந்தார்.

ஒப்பந்ததாரரே நகராட்சித் தலைவராவது இன்று நல முரணாகத் தோன்றும். அன்றோ அது ஓர் உயர்வின் இயல்பான அடுத்த படி. முந்தைய பணியில் பொறியாளர்களின் நம்பிக்கையைப் பெற்றிருத்தல், கூலியாட்களையும் கல்தச்சர்களையும் திரட்டும் ஆற்றல், பணம் வரும்வரை தாக்குப்பிடிக்கும் முதல் ஆகிய மூன்றும் உடையவரிடமே பெரும்பணிகள் சென்றன. 1854-இல் டல்ஹௌசி காலத்தில் தோன்றிய பொதுப்பணித் துறை, மதிப்பீடு, விலைப்பட்டியல், அளவீட்டுப் புத்தகம் ஆகிய ஆவண மரபைப் படிப்படியாக நிலைநிறுத்தியிருந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் நடைமுறையில் இருந்தது. ஆனால் இவை யாவும் ஒப்பந்தம் செய்துகொண்ட இருவருக்கு இடையிலான உறவையே ஒழுங்குபடுத்தின. அந்த இருவருள் ஒருவராக ஆக விரும்பி, வாயிலுக்கு வெளியே நின்றவருக்கு எந்தச் சட்டமும் எதையும் சொல்லவில்லை.

3. வெற்று நிலத்தில் எழுந்த நகர்

1957-இல் நாடாளுமன்றம் இயற்றிய இரு சட்டங்கள் இன்றைய தில்லியை வடிவமைத்தன. தில்லி வளர்ச்சிச் சட்டத்தின்கீழ், 1937-இல் தோன்றிய தில்லி மேம்பாட்டு அறக்கட்டளையின் வழித்தோன்றலாகத் தில்லி வளர்ச்சி ஆணையம் அமைந்தது. தில்லி மாநகராட்சிச் சட்டத்தின்கீழ் 1958 ஏப்ரல் 7 அன்று மாநகராட்சி செயல்படத் தொடங்கியது. 1961-இல் பெருமளவு நிலக் கையகப்படுத்தல் கொள்கையும், 1962-இல் முதல் பெருந்திட்டமும் வந்தன. பங்கா சாலைக் குடியிருப்புத் திட்டம் என்று கோப்புகளில் வழங்கப்பட்ட ஜனக்புரி இக்கொள்கையின் விளைவு. பொசங்கிபூர், அசாலத்பூர் முதலிய சிற்றூர்களைச் சூழ்ந்த நிலத்தில் தெருக்கள், பூங்காக்கள், மனைகள், அடுக்ககங்கள் எழுந்தன. அரசு ஊழியர்களும், பிரிவினைக்குப்பின் வந்த குடும்பங்களும், தென்னிந்தியர்களும் குடியேறினர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இன்றும் அங்கே நடைபெறுகிறது.

இத்தகைய குடியிருப்பின் ஒப்பந்த வரலாறு இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டத்தில் ஆணையம் பெரும்பணிகளைப் பெரிய ஒப்பந்ததாரர்களுக்கு அளிக்கிறது. பகுதி உருவாகி மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டபின் தொடங்கும் இரண்டாம் கட்டத்துக்கு முடிவே இல்லை. தெருவுக்குத் தார், வடிகாலுக்கு மூடி, பூங்காவுக்குச் சுற்றுச்சுவர், பள்ளிக்குக் கழிப்பறை என்று சிறுசிறு பணிகள் ஆண்டுதோறும் பிறக்கின்றன. தில்லியில் 'டேக்கேதார்' எனப்படும் சிறு ஒப்பந்ததாரர் இக்கட்டத்தின் மனிதர். நகரவரலாற்று நூல்களில் லுட்யன்ஸுக்கும் சோபா சிங்குக்கும் இடமுண்டு, இவருக்கு இல்லை. ஆனால் ஒரு குடியிருப்பு ஐம்பது ஆண்டுகள் குடியிருக்கத்தக்கதாக நீடிப்பது இவருடைய வேலையின் தரத்தைப் பொறுத்தே.

இவர் பணியைக் கண்டறிந்த விதம் எளிமையானது. மாநகராட்சி மண்டல அலுவலகத்தின் அறிவிப்புப் பலகை, நாளிதழில் நுண்ணிய எழுத்தில் வரும் விளம்பரம், பிரிவு அலுவலகத்தின் எழுத்தர், தொகுதி உறுப்பினரின் வீடு ஆகியவையே வழிகள். ஒப்பந்தப்புள்ளிப் படிவத்தை அலுவலகத்தில் நேரில் விலைகொடுத்து வாங்கவேண்டிய காலத்தில், யார் யார் படிவம் வாங்கினர் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தவர்கள் கூடிப்பேசி, இம்முறை உனக்கு, அடுத்தமுறை எனக்கு என்று பங்கிட்டுக்கொள்ளும் கூட்டுக்கு அது வழிவகுத்தது. முத்திரையிட்ட உறைகளைப் பலர் முன்னிலையில் பிரித்தாலும், உள்ளிருக்கும் தொகைகள் வெளியிலேயே முடிவாகியிருக்கலாம்.

4. வராமல் நின்றவரின் உரிமை

வாயிலுக்கு வெளியே நின்றவரைச் சட்டம் முதன்முதலாகத் தெளிவாகக் கண்டது ஒரு சிற்றுண்டிச்சாலை வழக்கில். 1977 ஜனவரியில், பம்பாய் விமான நிலையத்தில் இரண்டாம் வகுப்பு உணவகமும் இரு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த, குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள பதிவுபெற்ற இரண்டாம் வகுப்பு உணவக உரிமையாளர்களிடமிருந்து ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டன. ஒப்பந்தமோ அந்தப் பதிவு இல்லாத, உணவுக்கூடங்கள் நடத்திவந்த ஒருவருக்குச் சென்றது. ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு எனப்படும் இதில் 1979 மே 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு தானே வகுத்த நிபந்தனைக்குத் தானே கட்டுப்பட்டது என்று நீதிபதி பகவதி நிறுவினார்.

தீர்ப்பின் ஆழமான பகுதி வேறொன்று. நிபந்தனையை ஒருவருக்காக மட்டும் தளர்த்தினால் அநீதிக்கு உள்ளாவோர் போட்டியிட்டுத் தோற்றவர்கள் மட்டுமல்லர். தமக்குத் தகுதியில்லை என்று நம்பி விண்ணப்பிக்காமலே ஒதுங்கியவர்களும் அவர்களுள் அடங்குவர். நிபந்தனை கட்டாயமில்லை என்று தெரிந்திருந்தால் அவர்களும் வந்திருப்பார்கள். அரசமைப்பின் 14-ஆம் உறுப்பு இவ்வாறாக ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பின் சொற்களுக்குள் நுழைந்தது. எனினும் வழக்குத் தொடுத்தவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. காலதாமதத்தையும், பிறர் தூண்டுதலில் வந்த வழக்கு என்ற ஐயத்தையும், இடைப்பட்ட காலத்தில் எதிர்த்தரப்பு செய்த செலவையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. கோட்பாடு வென்றது; ஒப்பந்தம் அப்படியே நின்றது.

மாநிலச் சட்டங்கள் பின்னர் வந்தன. தமிழ்நாடு 1998-இலேயே ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. கருநாடகம் அடுத்த ஆண்டு பின்தொடர்ந்தது.

5. சுந்தர் நகரியின் தெருமுனைத் தணிக்கை

ஒப்பந்தத்தில் கையொப்பமிடாத, ஆனால் அதன் விளைவோடு வாழ்கின்ற மூன்றாம் தரப்பினர் தெருவாசிகள். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் தொடங்கிய பொது விசாரணை முறை, எட்டாண்டுகளில் தில்லிக்கு வந்தது. 2001-ஆம் ஆண்டின் தில்லி தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தி, பரிவர்த்தன் என்னும் அமைப்பு வடகிழக்குத் தில்லியின் சுந்தர் நகரியிலும் புதிய சீமாபுரியிலும் மாநகராட்சி செய்த பணிகளின் ஒப்பந்த நகல்களைப் பெற்றது. தெருமுனைகளில் கூட்டம் கூட்டி, ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை உரக்கப் படித்து, அது தெருவில் இருக்கிறதா என்று மக்களிடமே கேட்டனர்.

2002 டிசம்பர் 14 அன்று நடந்த பொது விசாரணையில் முன்வைக்கப்பட்ட கணக்கு இது: ஆராயப்பட்ட பணிகள் 68, மொத்த மதிப்பு சுமார் 1.3 கோடி ரூபாய். முறைகேடு கண்டறியப்பட்ட பணிகள் 64. காணாமற்போன தொகை சுமார் 70 லட்சம் ரூபாய். பெரும் ஊழல்களோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான். ஆனால் அதுவரை பொறியாளரும் கணக்கரும் மட்டுமே படித்துவந்த அளவீட்டுப் புத்தகத்தை, அதில் குறிக்கப்பட்ட வடிகாலின் அருகில் வாழ்ந்தவர்கள் படித்தனர் என்பதே அந்நாளின் வரலாற்றுப் பொருள்.

2005-இல் வந்த தேசியச் சட்டம் இந்த அனுபவத்தின் தடத்தைத் தாங்கியிருக்கிறது. தகவல் பெறும் உரிமை என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில், ஆவண நகல் பெறுவதோடு பணிகளை நேரில் ஆய்வு செய்வதும், பொருளின் சான்றுபெற்ற மாதிரியை எடுப்பதும் அடங்கும். தெருவில் போட்ட சிமென்ட்டின் மாதிரியைக் கேட்கும் உரிமை அது.

6. மின்னணு வாயிலும் புதிய பூட்டுகளும்

அடுத்த மாற்றம் கணினி வழியே வந்தது. ஒப்பந்தப்புள்ளிகள் இணையத்தில் வெளியாகத் தொடங்கின. மண்டல அலுவலக வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. படிவம் வாங்கியவர் யாரென்று போட்டியாளருக்குத் தெரியவேண்டியதில்லை. மின்னணுக் கையொப்பச் சான்றிதழ் உள்ள எவரும் இரவிலும் விலைப்புள்ளியைப் பதிவேற்றலாம். 2016 ஆகஸ்டில் தொடங்கிய அரசு மின்சந்தை, பொருள்களுக்கும் சேவைகளுக்கும் மற்றொரு வாயிலாயிற்று. அறிதல் என்னும் முதல் வாயில், வரலாற்றில் எப்போதும் இல்லாத அளவு அகலமாயிற்று.

ஆனால் இரண்டாம் வாயிலின் பூட்டு வேறு. மத்தியப் பொதுப்பணித் துறையின் பெரும்பணிகளில் வழங்கும் நிபந்தனை ஒன்றைக் காண்போம். கடந்த ஏழாண்டுகளில், மதிப்பீட்டில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஒத்த பணிகள் மூன்றோ, 60 விழுக்காட்டுக்குக் குறையாதவை இரண்டோ, 80 விழுக்காட்டுக்குக் குறையாதது ஒன்றோ முடித்திருக்க வேண்டும். ஒரு கோடி ரூபாய்ப் பணியைப் பெற, 80 லட்சத்துக்கு ஒரு பணியையோ, அதற்கு மாற்றாகச் சற்றுச் சிறிய பணிகள் சிலவற்றையோ முன்பே முடித்திருக்க வேண்டும் என்பது பொருள். அனுபவமற்றவரிடம் பாலத்தை ஒப்படைக்க முடியாது என்பதால் இதற்கு நியாயம் உண்டு. அதே நேரத்தில், வென்றவரே மீண்டும் வெல்லும் வட்டத்தையும் இது உண்டாக்குகிறது. சிறு நிறுவனங்களுக்கான 2012-ஆம் ஆண்டின் மத்தியக் கொள்முதல் கொள்கை இவ்வட்டத்தை உடைக்க முயன்றது. ஆண்டுக் கொள்முதலில் 20 விழுக்காடு என்றிருந்த இலக்கு 2018-இல் 25 ஆக உயர்ந்தது. அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களுக்கு 4, பெண்களுடையவற்றுக்கு 3 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. ஆனால் அக்கொள்கை பொருள்களுக்கும் சேவைகளுக்கும் உரியது. கட்டுமானப் பணி ஒப்பந்தங்கள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. வடிகால் கட்டும் சிறு ஒப்பந்ததாரருக்கு அது நேரடியாக உதவவில்லை.

மூன்றாம் வாயில் விலை. தகுதி பெற்றோருள் மிகக் குறைந்த தொகை குறிப்பிட்டவருக்கே பணி என்னும் விதி, அதிகாரியின் விருப்பு வெறுப்பை ஒடுக்க வந்தது. அதன் மறுவிளைவை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். விலைப்பட்டியலின்படி 10 லட்சம் ரூபாய் மதிப்பிடப்பட்ட வேலையை ஒருவர் 7 லட்சத்துக்கு ஏற்கிறார் எனக் கொள்வோம். மதிப்பீடு சரியானதாக இருந்தால், குறைந்த 3 லட்சம் எங்கிருந்தாவது வரவேண்டும். சிமென்ட்டின் விகிதத்திலிருந்தோ கூலியிலிருந்தோ அது வரும். மதிப்பீடு ஊதிப் பெருக்கப்பட்டதாக இருந்தால், தவறு ஒப்பந்தம் கோருவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. 2021 அக்டோபர் 29 அன்று மத்திய நிதியமைச்சகம் வெளியிட்ட பொது அறிவுறுத்தல்கள், குறைந்த விலை ஒன்றையே அளவுகோலாகக் கொள்வதன் குறையை ஏற்று, குறிப்பிட்ட பணிகளில் தரத்துக்கு 30 விழுக்காடு வரை மதிப்பளிக்க இடம் தந்தன.

நான்காம் வாயில் பணம். அதே அறிவுறுத்தல்கள், தகுதியான இடைக்காலப் பட்டியல் தொகையில் 75 விழுக்காட்டைப் பத்து வேலைநாள்களுக்குள் வழங்கச் சொல்கின்றன. மத்திய அரசின் பணிகளுக்கான விதி அது. நிதிநெருக்கடியிலுள்ள மாநகராட்சியின் ஒப்பந்ததாரருக்கு அவ்வுறுதி இல்லை. பணம் தாமதமாகும் என்று முன்கூட்டியே அறிந்தவர், காத்திருப்பின் வட்டியையும் மனத்தில் வைத்தே விலை குறிப்பார். காத்திருக்க முதலில்லாதவர் குறிப்பதையே நிறுத்துவார். சுஜான் சிங்கின் காலத்தில் வாயிலைத் திறந்த கைமுதல், இவ்வாறு நூறாண்டுக்குப் பின்னும் வாயிற்காவலனாக நிற்கிறது.

7. குழு இல்லாத இரண்டரை ஆண்டுகள்

2012-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட தில்லி மாநகராட்சி, 2022 மே 22 அன்று மீண்டும் ஒன்றானது. வட்டங்கள் 272-இலிருந்து 250 ஆயின; அவ்வாண்டு டிசம்பரில் தேர்தல் நடந்தது. அப்போது ஐந்து கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு 18 உறுப்பினர் கொண்ட நிலைக்குழுவின் ஒப்புதல் வேண்டியிருந்தது. துணைநிலை ஆளுநர் நியமித்த உறுப்பினர்கள் குறித்த வழக்கில் 2024 ஆகஸ்ட் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும், குழுவின் தலைவர் தேர்வு 2025 ஜூனில்தான் நடைபெற்றது. ஒப்பந்த ஆட்சியில் நடைமுறை விதிகள் எவ்வளவு நுட்பமாக இருப்பினும், அவற்றுக்கு ஒப்புதல் அளிக்கும் அரசியல் அமைப்பு இயங்காவிடில் கோப்பு நகராது. உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஓலை எடுக்கும் முறையை மட்டும் சொல்லி நிற்கவில்லை. சபை கூடியிருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறது.

ஆய்வு மாணவர்களுக்கு இவ்வரலாறு விட்டுவைத்திருக்கும் பணி பெரிது. மாநகராட்சியின் மதிப்பீடுகள், ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டு அறிக்கைகள், பணி ஆணைகள், அளவீட்டுப் புத்தகங்கள் ஆகியவை நகர வரலாற்றின் முதன்மைச் சான்றுகள். அவை அவ்வாறு பயன்படுத்தப்பட்டது மிகக் குறைவு. காலக்கெடு முடிந்ததும் பழங்கோப்புகள் கழிக்கப்படுவது அலுவலக வழக்கம். ஜனக்புரியின் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, அதற்கு இருபது ஆண்டுகளில் எத்தனைமுறை தார் போடப்பட்டது, ஒவ்வொரு முறையும் எத்தனை பேர் போட்டியிட்டனர், மதிப்பீட்டிலிருந்து விலை எவ்வளவு இறங்கியது, அதே பெயர்கள் எத்தனைமுறை திரும்ப வந்தன என்று பட்டியலிட முடிந்தால், உள்ளாட்சி என்பது நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பது தெளிவாகும். மத்தியச் சட்டத்தின்கீழ் அதற்கான விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்; பதிலளிக்கும் காலக்கெடு 30 நாள்கள். கோப்புகள் கழிக்கப்படும் முன் கேட்கப்பட வேண்டும்.